ஒரே வீட்டின் இரண்டு படிவங்கள்

சட்டப்படி பார்த்தால் என் மகள் எனக்குத் தங்கை. சிரிக்காதீர்கள், எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இதே கதைதான். தலைப்பிள்ளை தாத்தா பாட்டிக்குச் சொந்தம். மகள் இங்கார் பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் என் அம்மா சொந்த ஊரான தராஸிலிருந்து ரயிலேறி அல்மாட்டிக்கு வந்தாள், குழந்தையைக் கம்பளியில் சுற்றினாள், எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நாளில் தத்துப் பத்திரம் வந்தது. நானும் என் மனைவி ஜசீராவும் கையெழுத்துப் போட்டோம். "படிக்கிற பொண்ணு, பாரம் குறையட்டும்" என்றார்கள். பால் கட்டிக்கொண்டு ஜசீரா இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும்தான்.

அன்றிலிருந்து என் அப்பா ஒராஸ்பெக்தான் இங்காருக்கு அப்பா. என் அம்மாதான் அம்மா. நான் அண்ணன், ஜசீரா அண்ணி. பெரியவர்கள் எதிரில் பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதே எங்களில் வெட்கக்கேடு. நானோ அப்பாவின் எதிரில் அவளை 'மகளே' என்று இந்த எட்டு வருடத்தில் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. இத்தனைக்கும் நான் வாயில்லாப் பூச்சி கிடையாது. லிஃப்ட் மெக்கானிக். பதினாறு மாடிக் கட்டடத்தின் நிர்வாகியை நடுவாசலில் நிறுத்தி வைத்துத் திட்டுகிறவன். அப்பா ஒரு தடவை தொண்டையைச் செருமினால் போதும், எனக்குப் பேச்சு அடைத்துவிடும்.

இங்காருக்கு ஏழு வயதாகும்போது அம்மா இறந்தாள். தராஸ் வீட்டில் அப்பாவும் இங்காரும் மட்டும். ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், அவளுக்குச் சடை பின்னக் கற்றுக்கொண்டார்.

அடுத்து வந்த வசந்தத்தில்தான் ஜசீராவுக்குப் பின்லாந்திலிருந்து வேலை வந்தது. ஏரிகளின் அடியில் படியும் சேற்றை ஆராய்கிறவள் அவள். பால்காஷ் ஏரிச் சேற்றைக் குழாய் குழாயாக எங்கள் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு, என் இறைச்சிக்கு இடமில்லாமல் செய்தவள். "ரெண்டு வருஷம், துலத். குடும்பத்தோட போகலாம்" என்றாள். குடும்பம் என்றால் யார் யார் என்பதை அந்த நாட்டின் விதிகள் தெளிவாகவே சொல்லியிருந்தன. ஆராய்ச்சியாளருக்குக் குடியிருப்பு அனுமதி கிடைத்தால் கணவனும் பெற்ற பிள்ளைகளும் கூட வரலாம். கணவனின் தங்கைக்கு அதில் இடமில்லை.

"உங்கப்பாகிட்ட பேசு. தத்தை கோர்ட்ல ரத்து பண்ணணும். அவர் சம்மதிச்சாத்தான் நடக்கும்" என்றாள் ஏப்ரலில்.

"பேசறேன்."

ஜூனில் கேட்டாள். "அறுவடை முடியட்டும்" என்றேன். எங்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. செப்டம்பரில் அவள் கேட்கவில்லை, என்னைப் பார்த்தாள். அப்புறம் கணினி முன்னால் உட்கார்ந்து அவளே விண்ணப்பத்தை நிரப்பினாள். என்னுடையதை நான் தனியாக, என் ஃபோனில் நிரப்பினேன். அப்பாவிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று: "இங்காரை ரெண்டு வருஷம் அங்க படிக்க வைக்கிறோம். தூதரகத்துல நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்." அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான் என்றேன்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, அஸ்தானாவில், தூதரகம் இருக்கும் கட்டடத்தின் காத்திருப்புக் கூடத்தில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். பதினொரு மணிக்கு எங்கள் முறை. வாசலில் காவல்காரன் அப்பாவின் பையைத் திறந்து குதிரைக்கறித் தொத்திறைச்சியை வெளியே எடுத்து வைத்துவிட்டான். அந்தக் கோபத்தில் அப்பா எதிர்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இங்கார், காலை ஆட்டிக்கொண்டு.

பதினொன்றுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஜசீரா அச்சடித்த தாள்களைச் சரிபார்த்தாள். என்னுடைய படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

"துலத், இது என்ன?"

"எது?"

"பிள்ளைகள் எத்தனைன்னு கேட்டிருக்கான். நீ என்ன போட்டிருக்கே?"

"பத்திரத்துல இருக்கிறபடி போட்டேன்."

"பூஜ்யம்னு போட்டிருக்கே."

"நீ என்ன போட்டே?"

"நான் பெத்தது ஒண்ணு. ஒண்ணுன்னு போட்டேன்." குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒரே வீடு, ஒரே விலாசம். பொண்டாட்டிக்கு ஒரு பிள்ளை, புருஷனுக்கு ஒண்ணுமில்லை. என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? உன்னைப் பத்தித்தான் என்ன நினைப்பாங்க?"

"சட்டப்படி நான் போட்டதுதான்டி சரி."

"சட்டமா? எட்டு வருஷமா எனக்குச் சட்டம் சொல்லாத ஆளு நீ. பயம்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

எதிர்வரிசையிலிருந்து அப்பா கேட்டார். "என்னடா அங்க குசுகுசுன்னு?"

"ஒண்ணுமில்லைப்பா. பேனா எழுதலை."

அவர் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். எழுந்து போய் வாங்கிக்கொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம்தான். 'அப்பா, உள்ளே இவள் யார் மகள் என்று கேட்பார்கள். எங்கள் மகள் என்று எழுதியிருக்கிறோம்.' பேனாவோடு திரும்பி வந்தேன். ஜசீரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். முதலில் நாங்கள் இருவர் மட்டும்.

மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைமுடி வைத்த அதிகாரி அம்மாள். பக்கத்தில் மொழிபெயர்க்க எங்கள் நாட்டுப் பெண் ஒருத்தி. கைரேகை எடுத்தார்கள், படம் பிடித்தார்கள், ஜசீராவின் பல்கலைக்கழகக் கடிதத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்த அம்மாள் இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்கீங்களான்னு கேக்கறாங்க" என்றாள் மொழிபெயர்ப்புப் பெண்.

"ஆமா."

"மனைவியோட படிவத்துல எட்டு வயசுல ஒரு பெண் குழந்தை இருக்கு. கணவரோட படிவத்துல குழந்தையே இல்லை. எது சரி?"

நான் ஜசீராவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"என்னோடதுதான் சரி" என்றாள்.

"ஆனா பிறப்புச் சான்றிதழ்ல அம்மான்னு உங்க பேர் இல்லையே. வேற ரெண்டு பேர் இருக்காங்க."

"என் மாமனார், மாமியார். தத்துக் குடுத்தோம்."

அதிகாரி அம்மாள் நிதானமாகப் பேசினாள். அந்தப் பெண் நிதானமாகவே சொன்னாள். "தப்பான தகவல் குடுத்திருந்தா எல்லா விண்ணப்பத்தையும் மறுக்க முடியுமாம். ஆராய்ச்சி அனுமதி உட்பட. அதனால யோசிச்சுச் சொல்லுங்கன்னு சொல்றாங்க."

ஜசீராவின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. பத்து வருடம் சேற்றை அளைந்த விரல்கள் அவை. மகளும் போய், வேலையும் போய், என்னோடு அல்மாட்டிக்குத் திரும்பி அதே குளிர்பெட்டியைத் திறந்து மூடவேண்டியதுதான். பாவி, நீ செய்த வேலை இது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"சான்றிதழ்ல அப்பான்னு இருக்கிறவர் வந்திருக்காரா?" என்று கேட்டார்கள். "குழந்தையோட உள்ளே வரச் சொல்லுங்க."

அப்பா குல்லாயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இன்னொரு கையில் இங்கார். நாற்காலியைக் காட்டினார்கள், உட்காரவில்லை.

"ஐயா, இந்தப் பொண்ணு உங்க மகளா?"

இப்போது அவர் 'ஆமாம்' என்று சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. அது பொய்யும் இல்லை. பத்திரம் அவர் பக்கம், எட்டு வருடம் அவர் பக்கம். தனி வீட்டில் அவருக்கு இருக்கிற ஒரே துணையும் அவள்தான். மனுஷன் ஏன் இல்லை என்று சொல்லப்போகிறார்?

அப்பா தொண்டையைச் செருமினார்.

"என்னைக் கேட்டா எம் மகள்னுதான் சொல்லுவேன். பேப்பரும் அப்படித்தான் சொல்லுது."

ஜசீரா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆனா என்னை ஏம்மா கேக்கறீங்க? பெத்தவன் இங்கதானே மரம் மாதிரி உக்காந்திருக்கான். அவனைக் கேளுங்க." என் பக்கம் திரும்பினார். "கையெழுத்து மட்டும் போதும்னு கூட்டிட்டு வந்தியே, நான் என்ன பச்சைப்பிள்ளையாடா? உங்கம்மா போன அன்னிக்கே நீ வந்து கேப்பேன்னு பார்த்தேன். நாற்பதாம் நாள் காரியத்துக்குப் பார்த்தேன். வருஷம் திரும்பிடுச்சு. ஊரெல்லாம் வாய் கிழியப் பேசறவன், எங்கிட்ட 'எம் பொண்ணைக் குடுங்கப்பா'ன்னு ஒரு வார்த்தை கேக்கல. நானா கூப்பிட்டு, 'இந்தாடா, வச்சுக்கோ'ன்னு குடுக்க அது என்ன ஆட்டுக்குட்டியா?"

மொழிபெயர்ப்புப் பெண் பேச மறந்து நின்றாள். அதிகாரி அம்மாள் அவள் முழங்கையைத் தொட்டாள். அப்புறம் அந்தப் பெண் எல்லாவற்றையும் சொன்னாள், ஆட்டுக்குட்டி உட்பட.

நான் எழுந்து நின்றேன்.

"எம் பொண்ணு" என்றேன். சத்தம் எனக்கே தெரியாமல் பலமாக வந்து, காவல்காரன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "அவ எம் பொண்ணு. நான் எழுதினதுதான் தப்பு. அப்பா, எம் பொண்ணை எனக்குக் குடுங்க."

அப்பா குல்லாயை ஒரு சுற்று சுற்றினார்.

அதிகாரி அம்மாள் இங்காரைப் பார்த்துக் குனிந்தாள். "இவர் யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்று அந்தப் பெண் என்னைக் காட்டிக் கேட்டாள்.

இங்கார் முதலில் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"தெரியும். அம்மா செத்தப்பவே அப்பா சொல்லிட்டாரு. ஆனா அண்ணனே சொல்ற வரைக்கும் நான் சொல்லக் கூடாதுன்னாரு."

ஒரு வருடம். ஒவ்வொரு தடவை தராஸுக்குப் போய் நான் அவளுக்கு மிட்டாய் நீட்டி, 'தங்கச்சி எப்படி இருக்கே' என்று அசடு வழிந்தபோதும் அவள் எல்லாம் தெரிந்து நின்றிருக்கிறாள். எனக்கு மானம் போனது. அந்த மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தத்து ரத்தான கோர்ட் உத்தரவைத் தொண்ணூறு நாளில் கொண்டுவந்தால் மூன்று விண்ணப்பங்களையும் பரிசீலிப்பார்கள், அதுவரை மறுக்க மாட்டார்கள், அதற்குமேல் எந்த வாக்குறுதியும் இல்லை. நான் அப்பாவின் பேனாவால் எழுதினேன். என் பெயருக்குக் கீழே அவர் எழுத வேண்டிய வரி ஒன்று இருந்தது: தத்தை ரத்து செய்ய எனக்குச் சம்மதம்.

"எங்க போடணும்?" என்றார். இடத்தைக் காட்டினார்கள். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, வரியை இரண்டு தடவை படித்து, கையெழுத்துப் போட்டார். அது வரைக்கும் அடக்கிவைத்திருந்த ஜசீரா, "மாமா" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

"அழாதேம்மா. இங்க இருக்கிற சேறு பத்தலைன்னுதானே அவ்வளவு தூரம் போறே. போய் நல்லாப் பாரு."

மீதியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம். தராஸ் நீதிமன்றத்தில் பிப்ரவரி முதல் வாரம் உத்தரவு வந்தது. மார்ச் கடைசியில் அனுமதி வந்தது, மூன்று பேருக்கும். அப்பாவையும் அழைத்துப் போக வழியிருக்கிறதா என்று ஜசீரா விதிகளைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாள். வழி இல்லை.

ஆனால் எனக்கு அன்றைய நாள் முடிந்தது தூதரகத்து வாசலில்தான்.

வெளியே வந்தபோது காற்று முகத்தில் அறைந்தது. காவல்காரனிடமிருந்து அப்பா தன் தொத்திறைச்சியை எண்ணி வாங்கினார். ஜசீரா வண்டி பிடிக்கச் சாலைப் பக்கம் போனாள். நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் முன்னால் நடந்தோம். பின்னால் இங்கார் நின்றுவிட்டாள்.

"அண்ணே, இப்ப சொல்லலாமா?"

"சொல்லும்மா" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள், கையை ஊதிக்கொண்டாள். நாங்கள் இரண்டடி நடந்திருப்போம்.

"அப்பா, கை விறைக்குது!"

நாங்கள் இருவருமே திரும்பினோம். அப்பாவின் கை எப்போதும் போல முந்திக்கொண்டது, கோட்டுப் பையிலிருந்து அவளுடைய சிவப்புக் கையுறைகளை வெளியே எடுத்துவிட்டது. இரண்டு எட்டு வைத்தவர் நின்றார். கையுறைகளை ஒரு தடவை உதறினார். என்னிடம் நீட்டினார்.

"கட்டைவிரலை முதல்ல நுழைக்கணும். இல்லேன்னா அழுவா" என்றார். "போட்டு விடுடா."