லெமுவேல் போட்ட ஓட்டு

லைசாண்டர் ப்ரூயிட்டுக்குப் பேச்சில் தேன் ஒழுகும். கோவேறு கழுதை விற்றுக்கொண்டிருந்தவன் வக்கீலானான், மாநில சபைக்கு இரண்டு முறை போனான், இப்போது வாஷிங்டனுக்கே போக நிற்கிறான். எங்கள் கென்டக்கியில் ஓட்டு என்றால் வாய்விட்டுச் சொல்வதுதான். கோர்ட்டு மேசை முன் நின்று தன் பெயரையும், ஓட்டு யாருக்கு என்பதையும் உரக்கச் சொல்ல வேண்டும். வேட்பாளர் அங்கேயே உட்கார்ந்திருப்பான். தனக்குப் போட்டவனுக்கு எழுந்து கைகொடுத்து, பெயர் சொல்லி நன்றி சொல்வான். ப்ரூயிட் தூக்கத்தில்கூட அதைச் செய்வான்.

நான் கோர்ட்டு வாசலில் இஞ்சி ரொட்டி விற்கிறவள். போன தேர்தலில் என் மகன் லெமுவேல் அவனுக்காக நாயாய் அலைந்தான். ஓட்டு நாளன்றைக்கு ஆற்றில் வெள்ளம். சில நாள் கழித்துத்தான் என் பிள்ளையின் பிணம் ஒதுங்கியது.

"ஓட்டுப் போட்டான், ஓசி விஸ்கிய மூக்குமுட்டக் குடிச்சான், ஆத்துல விழுந்துட்டான் ஹல்டாம்மா" என்றான் ப்ரூயிட், தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு. அந்தத் தடவை அவன் ஜெயித்தது ஒரே ஒரு ஓட்டில்.

என் பிள்ளை விஸ்கியைத் தொட்டதே இல்லை. சொன்னால் யார் நம்புகிறார்கள்? "எல்லா அம்மாவும் இதத்தான் சொல்லுவாங்க" என்று என் ரொட்டியைத் தின்றுகொண்டே சிரித்தார்கள்.

இந்த ஆகஸ்டில் சொட்டு மழை இல்லை, ஆற்றில் ஆடு நடந்து போகிறது. ஓட்டு நாள் பொழுது சாயும்போது ப்ரூயிட்டுக்கும் அவனை எதிர்த்து நின்றவனுக்கும் ஓட்டு சமம். ஷெரிப் கிரிம்ஸ் வாசலுக்கு வந்து, "இன்னும் யாராச்சும் உண்டா?" என்று கூவினார். யாரும் வரவில்லை. என் கூடைத் துணி மட்டும் திடீரென்று நனைந்திருந்தது.

உள்ளே ப்ரூயிட் எழுந்தான், வழக்கமான சிரிப்போடு கையை நீட்டினான்.

"நன்றி, லெமுவேல்."

மேசை முன் ஆளே இல்லை.

"யாருக்குங்க நன்றி சொல்றீங்க?" என்றார் ஷெரிப்.

அது அவன் காதில் விழவில்லை. நீட்டிய கை தானாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. "கோவமாடா? அக்கரைக்குப் போய் ஓட்டுக்கு ஆளக் கூட்டிட்டு வான்னுதானே விடிகாலைல அனுப்பினேன்? வெள்ளம் அப்படி வரும்னு எனக்கென்ன தெரியும்? நீ வந்து சேரலன்னுதான் வேற ஒருத்தன விட்டு உன் பேரச் சொல்ல வெச்சேன். ஓட்டு வீணாகலடா. கைய விடு. லெமுவேல், வலிக்குது, விடு."

கை விடுபட்டது. அப்போதுதான் அவன் எங்களையெல்லாம் பார்த்தான். விரல் நுனிகளிலிருந்து மேசைமேல் தண்ணீர் சொட்டியது.

"வேர்வை" என்றான்.

பொம்பளைகள் அந்த மேசைப் பக்கம் போவதில்லை. நான் போனேன். என்னை யாரும் தடுக்கவில்லை. அவன் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனேன். சேறும் பாசியும் மணத்தது. என் பிள்ளை கடைசியாகத் தொட்ட கை அது, விட மனம் வரவில்லை.

"எல்லாரும் வந்து மோந்து பாருங்க" என்றேன். "விஸ்கி வாடை துளிகூட இல்ல."