வாசலில் ஒரு சாய்தளம்

ஃப்ளோரிடாவில், மணல்நிற வீடுகள் வரிசைகட்டி நிற்கும் அந்தக் குடியிருப்பில், வாசலில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்பதை வீட்டு உரிமையாளர் சங்கம்தான் சொல்லும். வெர்னா டில்லட்சன் யாரையும் கேட்காமல் கொள்ளாமல் வாசற்படிமேல் மரப்பலகையால் ஒரு சாய்தளம் போட்டுவிட்டாள். பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட அவள் புருஷன் டுவெய்ன், வீட்டைவிட்டு வெளியே வர அது ஒன்றுதான் வழி.

முன்வாசலின் அழகு கெடுகிறது என்று சங்கத் தலைவி கெய்ல், டுவெய்ன் பெயருக்குக் கடிதம் போட்டாள். பிரித்தெடுக்கும்வரை தினமும் அபராதம், கட்டாவிட்டால் வீட்டின் மேல் வில்லங்கம் பதிவாகும். வெர்னா கட்டவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. காலமெல்லாம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள், மிரட்டலுக்கெல்லாம் மசிகிற ஆளா என்ன!

ஆனால் தலைவி நினைத்தால் மட்டும் அபராதம் நிலைக்காது. நிர்வாகத்தில் இல்லாத மூன்று குடியிருப்புக்காரர்கள் உட்கார்ந்து, வீட்டு உரிமையாளர் சொல்வதைக் கேட்டு, இருவராவது அபராதம் சரியென்று கை தூக்க வேண்டும். தூக்கிவிட்டால் டுவெய்ன் இனி உலகத்தை ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

விசாரணைக்குச் சங்கக் கட்டடத்தின் படிகளில் அவள் மட்டும் ஏறிப் போனாள். குழுவின் மூத்தவரான கிழவர் ஓரின் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

"கீழ வேன்கிட்ட இருக்கார். கடுதாசில அவர் பேருதானே போட்டிருக்கு? அவர்தான் பேசுவார்."

"அப்போ வரச் சொல்லுங்க."

"எப்படி வருவார்? பறந்தா?"

"நாடகம் போடாதீங்க வெர்னா," என்றாள் கெய்ல். "முதல்லயே ஒரு விண்ணப்பம் குடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

"ஆஸ்பத்திரில வெள்ளிக்கிழமை அனுப்பிட்டாங்க. உங்க கூட்டம் அடுத்த மாசம். அதுவரைக்கும் அவரை வேன்லயே குடி வைக்கச் சொல்றீங்களா?"

கெய்லுக்கு முகம் சிவந்துவிட்டது. ஓரின் கைத்தடியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கேட்காம தீர்ப்புச் சொல்லக் கூடாது. வாங்க, நாம கீழ போவோம்."

குழுவின் மற்ற இருவரான வீடு விற்பனைத் தரகரும் ஒரு செவிலியும் கெய்லோடு மடமடவென்று இறங்கிவிட்டார்கள். ஓரின் கைப்பிடியை இறுகப் பற்றி, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி, கடைசிப் படிக்கு வந்து சேர்ந்தார். ஈரப் புழுக்கத்தில் கொசு மொய்த்தது.

நாற்காலியில் இருந்த டுவெய்ன் கோணிப்போன வாயால், நிறுத்தி நிறுத்திப் பேசினார். "கொசு மட்டும்... சங்கத்துல அனுமதி வாங்காமலே வந்திருச்சு." செவிலி சிரித்துவிட்டாள். "எனக்கு... வெளிய வரணும். அவ்வளவுதான்."

வெர்னா அவர்மேல் உட்கார்ந்த கொசுவைத் தட்டிவிட்டாள்.

"அபராதம் சரின்னு சொல்றவங்க கை தூக்குங்க," என்றாள் கெய்ல். தரகர் உடனே தூக்கினார். இதையெல்லாம் விட்டால் வீட்டு விலை இறங்கிவிடும் என்பது அவர் கவலை. செவிலி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஓரின்?"

ஓரினுடைய இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தன. "கையை எடுத்தா விழுந்துருவேன் கெய்ல். எடுக்க முடிஞ்சாலும் இதுக்கு எடுக்க மாட்டேன். அபராதம் கிடையாது, எழுதிக்கோ."

அபராதம் போயிற்று, அதோடு வில்லங்கமும் போயிற்று.

ஓரினுடைய கைத்தடி மேலேயே கிடந்தது. அதை எடுக்க ஒரு படி ஏறப் பார்த்தார், கால் எழவில்லை. கெய்ல் ஓடிவந்து ஒரு பக்கம் தாங்கினாள், தரகர் மறு பக்கம். மூவருமாய் முக்கியும் அவர் மேலே போகிறபாடாக இல்லை.

"விடுங்கப்பா," என்றார் டுவெய்ன். "வெர்னா, அவரை வேன்ல ஏத்து. நம்ம வீட்டுல... காபி குடிக்கட்டும். அங்கதான் படி ஏற வேண்டாமே."