நவ்வா என்று எழுதுங்கள்

என் மகளுக்கு நவ்வா என்று பெயர் வைக்கப்போகிறேன் என்று சொன்னபோது என் மாமியார் தவ்ஹீதா சிரித்தார். பிள்ளை பெற்ற அசதியில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார். மூன்றாம் நாளும் அதையே சொன்னேன். சிரிப்பு நின்றது.

அலெக்சாந்திரியாவில் குளிர்காலப் புயலுக்கு நவ்வா என்று பெயர். அது வந்தால் அன்ஃபூஷி மீன்துறையிலிருந்து ஒரு படகும் கிளம்பாது. என் கணவன் வீட்டில் மூன்று தலைமுறையாக மீன் வியாபாரம். அந்தச் சொல் காதில் விழுந்தாலே கடைக் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டதுபோல எல்லோர் முகமும் சுருங்கும். அதைக் கொண்டுபோய் ஒரு பெண் குழந்தை தலையில் கட்டுகிறாயே என்றார் மாமியார். இறந்துபோன தன் தங்கையின் பெயரை, ஃபிக்ரியா என்று, வைக்கவேண்டும் என்பது அவர் ஆசை.

நாத்தனார் இக்பாலுக்கு அவள் பார்க்கும் தொடர்களில் வருவதுபோல லோஜின் என்று வைக்கவேண்டும். "யோசிச்சுப் பாருங்க அண்ணி. பொண்ணு கேட்டு வர்றவங்க கதவைத் தட்டி, 'நவ்வா இருக்காளா'ன்னு கேப்பாங்க. நாம ஓடிப்போய்க் கொடியில கெடக்கற துணியை எடுக்கறதா, அவங்களை உக்காரச் சொல்றதா?" என்றாள். மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் எரிச்சல்.

என் கணவன் ராகிப் எழுத்தைப் பிடித்துக்கொண்டான். அரபியில் நடுவில் வரும் அழுத்தக் குறியை எந்த எழுத்தரும் போடமாட்டான், குறி இல்லாமல் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி வாசிப்பார்கள், பாதிப் பேர் நவா என்று வாசித்துப் பேரீச்சங்கொட்டை ஆக்கிவிடுவார்கள், வாழ்நாள் முழுக்க அவள் தன் பெயரைத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும் என்றான். அவன் சொன்னது எதுவும் தப்பில்லை. அவனுக்கு எந்தப் பெயர் பிடிக்கும் என்பதை மட்டும் அவன் சொல்லவேயில்லை.

ஏன் இந்தப் பெயர் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை. டிசம்பர் தொடக்கத்து நவ்வாவில் தெருவெல்லாம் தண்ணீர். ராகிப் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டான், மாமியார் மகள் வீட்டில். மருத்துவச்சி முழங்கால் தண்ணீரில் வந்து சேர்வதற்குள் மூன்று மணி நேரம் நான் பிரசவ வலியோடு தனியாக இருந்தேன். நான் குரல் உயர்த்தாத பெண். பிறந்த வீட்டிலும் சரி, இந்த வீட்டிலும் சரி, சரி என்பதுதான் என் வாயில் முதலில் வரும் சொல். அன்றைக்குக் கத்தினேன். ஜன்னலுக்கு வெளியே காற்று என்னைவிடப் பெரிதாகக் கத்தியது. யாருக்கும் கேட்காது என்று தெரிந்த பிறகு இன்னும் கத்தினேன். பயம் எந்த நிமிடத்தில் போனது என்று தெரியவில்லை. குழந்தையைக் கையில் வாங்கியபோது அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். யோசித்து வைத்ததல்ல.

ஏழாம் நாள் பிற்பகல் சடங்கு. குழந்தையைச் சல்லடையில் கிடத்தி ஆட்டினார்கள். உப்பைத் தூவினார்கள். மாமியார் பித்தளை உரலை அவள் காதருகே வைத்து இடித்து, "பாட்டி பேச்சைக் கேளு, அம்மா பேச்சைக் கேக்காதே" என்றார். அது வழக்கமான கேலிதான், எல்லா வீட்டிலும் சொல்வது. அன்றைக்கு மட்டும் அவர் கொஞ்சம் அதிகமாகவே இடித்தார்.

பிறகு மெழுகுவத்தி. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவது, கடைசிவரை எரிவது எதுவோ அந்தப் பெயர். இந்த யோசனைக்கு நானும் ஒத்துக்கொண்டேன் என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். சண்டை போடாமல் ஜெயித்துவிடலாம் என்ற ஆசைதான். அலங்கரித்த மண்கூஜாவைச் சுற்றி மூன்று மெழுகுவத்திகளை நிறுத்தி, அடையாளத்துக்கு ரிப்பன் கட்டினோம். முக்கால் மணி நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். விருந்தாளிகள் மொகாத் குடித்தார்கள், கடலை கொறித்தார்கள், கூஜாவை இரண்டு தடவை நகர்த்தினார்கள். சுடர் இறங்க இறங்க ரிப்பன்கள் கருகி உதிர்ந்தன. இரண்டு அணைந்தன. ஒன்று எரிந்தது.

"ஃபிக்ரியா" என்று மாமியார் கண் கலங்கினார்.

"அது லோஜின்மா. ஜன்னல் பக்கம் வெச்சது நான்தானே" என்றாள் இக்பால்.

அது என்னுடையது என்றேன் நான். ஜன்னல் பக்கம் எது என்பதில் ஒன்பது விருந்தாளிகளும் பத்து விதமாகச் சாட்சி சொன்னார்கள். உண்மையில் எனக்கே நிச்சயமில்லை. ஆனாலும் ஆண்டவன்மேல் ஆணையாக என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஒரு துண்டு மெழுகுக்காகப் பொய்ச் சத்தியம் செய்யப்போன என்னைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு ராகிப் சமாதானமாக வந்து உட்கார்ந்தான். "யாருக்கும் மனசு நோகவேண்டாம். நாளைக்குப் போய் ரிஹாப்னு பதிஞ்சுடறேன். நல்ல பேரு. யாரும் கேட்ட பேரு இல்ல, அதனால யாரும் தோத்த மாதிரியும் இல்ல."

நான் சரி என்றேன். பழக்கம்.

காலையில் அவன் மீன் ஏலத்துக்குப் போனதும், திருமணப் பத்திரத்தையும் மருத்துவச்சி தந்த சீட்டையும் எடுத்துக்கொண்டு, குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். நாற்பது நாள் வாசல் தாண்டக்கூடாது. மாமியார் பின்னாலேயே மாடிப்படிவரை வந்து சொன்னார். தையல் போட்ட இடம் ஒவ்வொரு படியிலும் அதையேதான் சொன்னது.

சுகாதார அலுவலகத்தில் வரிசை நீளம். என் முறை வருவதற்கும் ராகிப் உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் கூட்டத்தில் வழி தவறியவன்போல நின்றான். எழுத்தர் பேனாவை எடுத்தார். நான் பெயரைச் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, புள்ளைக்கு யாராவது இப்படி வைப்பாங்களா, அப்பாவுக்குச் சம்மதமா என்று கேட்டார். வரிசை முழுக்கத் திரும்பி ராகிப்பைப் பார்த்தது.

"அம்மாகிட்ட என்ன சொல்றது?" என்றான் அவன், எழுத்தரிடம் இல்லை, என்னிடம்.

"நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

அவன் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றான். எழுத்தர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். நான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன், அவர் எழுதினார்.

மாமியார் கதவைத் திறந்தபோது என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். இருந்தாலும் சொன்னேன். வாசலில் நின்று, அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"நான் ஃபிக்ரியான்னுதான் கூப்பிடுவேன்" என்றார்.

"கூப்பிடுங்க அத்தை. அவ திரும்பிப் பாக்கமாட்டா."

எட்டு நாள் குழந்தை எந்தப் பெயருக்குமே திரும்பாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மாமியார் ராகிப்பின் கையிலிருந்து அவளை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு, எந்தப் பெயரும் சொல்லாமல் உள்ளே போனார்.