நாற்பது டிகிரி

முழங்கால் எலும்பில் சீழ் பிடித்து அறுவை சிகிச்சை முடிந்தபின், அவள் இடுப்பில் ஒரு பையைக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். உள்ளே சின்ன பம்ப், கூடவே மருந்துப் பை. இரவும் பகலும் கையில் செருகிய குழாய் வழியே மருந்து இறங்கும். தினமும் காலையில் நர்ஸ் வந்து மருந்துப் பையை மாற்றுவார். வேலைக்கும் போகலாம் என்றார்கள். மூன்றாம் வாரம் தான் வேலை பார்க்கும் பேக்கரிக்குப் போய், அடுப்பு முன் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்தே நாளில் காய்ச்சல் திரும்பியது.

"பம்ப்பை நடுவுல நிறுத்துறீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"இல்ல சார். தூங்கும்போதுகூட ஓடுது."

"அப்ப மருந்து ஏன் கேக்கல?"

"அதை நீங்கதானே சொல்லணும்?"

அவர் கோப்பில் எழுதியதை அவள் தலைகீழாகவே படித்துவிட்டாள்: 'நோயாளி ஒத்துழைக்கவில்லை.'

"டாக்டர்கிட்ட மல்லுக்கு நிக்காதே," என்று வெளியே கணவன் கெஞ்சினான்.

"செய்யாத தப்பை என் தலையில கட்டுவாரு, நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?"

அடுப்பு முன் உட்கார்ந்த பிறகுதானே காய்ச்சல் வந்தது என்று தோன்ற, மறுநாள் மாவுக்குச் சூடு பார்க்கும் வெப்பமானியை இடுப்புப் பைக்குள் செருகினாள். ரொட்டி சுற்றும் தாளில் குறித்தாள். எட்டு மணிக்கு இருபத்தாறு டிகிரி. பத்துக்கு முப்பத்துநாலு. பதினொன்றுக்கு நாற்பது. அடுத்த நாள் காலை நர்ஸ் கழற்றிய மருந்துப் பையின் அடியில் மிச்சமிருந்த மருந்து மஞ்சளாகக் கிடந்தது. அதைக் குப்பையில் போட விடாமல், ஆஸ்பத்திரி மருந்தாளுநரிடம் கொண்டுபோனாள்.

அந்தப் பெண் தாளை இரண்டு தரம் படித்தாள். "இது இருபத்தஞ்சு டிகிரியிலதான் ஒரு நாள் தாங்கும்க்கா. நாப்பதுன்னா கெட்டே போயிருக்கும்." சோதித்துப் பார்த்ததில் மருந்தின் வீரியம் பாதிகூட மிஞ்சவில்லை.

இருவருமாக டாக்டரிடம் போனார்கள்.

"அடுப்பு முன்னால வேலைன்னு நீங்க சொல்லலையேம்மா?"

"வேலைக்குப் போகலாம்னு சொன்னீங்களே, என்ன வேலைன்னு கேட்டீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, கொஞ்ச நாள் லீவு போடுங்க."

"மாட்டேன். மருந்து கெடாம இருக்க வழி சொல்லுங்க."

மருந்தாளுநரிடம் வழி இருந்தது: பன்னிரண்டு மணிக்கொரு புதுப் பை, குளிர் காக்கும் உறை, முக்காலி அடுப்பிலிருந்து பத்தடி தள்ளி, ரொட்டி சுற்றும் மேசைக்கு.

"தள்ளி உக்காருறேன். முதல்ல நான் ஒத்துழைக்கலன்னு எழுதின வரியை அடிங்க."

"கோப்புல அடிக்கக் கூடாதும்மா."

"அப்ப அதுக்குக் கீழ உண்மையை எழுதுங்க."

எழுதினார்: 'மருந்து சூட்டில் கெட்டது. நோயாளி மீது தவறில்லை.' கையெழுத்துப் போடும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. அடுத்த மாதம் குழாயையும் எடுத்துவிட்டார்கள். மறுநாளே முக்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு காலையும் ஊன்றி அடுப்பைத் திறந்தாள்.