கம்பாரில் குறைந்த கிண்ணங்கள்

லாவ் காம் வெங் 'சாப்பிட்டாச்சு' என்று பொய் சொன்ன செவ்வாய்க்கிழமை காலை, அவரைக் கேட்ட எதிர்வீட்டு சோங் அக்காவின் சட்டியில் ஒரு கிண்ணம் மீன் கஞ்சி குறைந்தது. அதே நிமிடம் காம் வெங்கின் வயிறு நிறைந்து, இஞ்சி வாசனையோடு ஓர் ஏப்பம் வந்தது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவர் எதையும் விழுங்கியிருக்கவில்லை.

மலேசியாவில் இந்தக் கம்பார் ஊர்ச் சீனர்கள் எதிரில் ஆளைக் கண்டால் முதலில் கேட்பது சாப்பிட்டாச்சா என்றுதான். பதில் யாருக்கும் தேவையில்லை. பசியில் கண் இருட்டிக்கொண்டு வருகிறவனும் ஆச்சு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவான். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய காம் வெங், ஜன்னல் வழியாக இதைச் சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவர். மூக்குக்குப் பின்னால் புற்றுக் கட்டி வந்து, ஈப்போ ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு தொடங்கிய நாலாவது வாரத்தில், கன்னம், நாக்கு, அண்ணம் எல்லாம் புண்ணாகிவிட்டன. பச்சைத் தண்ணீரே மிளகாய்க் கரைசலாக எரிந்தது. ஆனால் அவர் இளைக்கக் கூடாது. முக அளவுக்கு வார்த்த வலை முகமூடியை மாட்டி, மேசையோடு சேர்த்து முடுக்கி, தலை அசையாமல் பிடித்துத்தான் கதிரைப் பாய்ச்சுவார்கள். கன்னம் வற்றினால் முகமூடி ஆடும். ஆடினால் எல்லாவற்றையும் நிறுத்திப் புதிதாக ஒன்று செய்ய வேண்டும். நிறுத்துகிற ஒவ்வொரு நாளும் கட்டிக்குக் கொண்டாட்டம் என்றார் டாக்டர்.

மூன்றே நாளில் ஊர் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டது. யார் கேட்கிறார்களோ அவர்கள் வீட்டுச் சாப்பாடு வாயைத் தொடாமல் நேரே அவர் வயிற்றுக்குப் போனது. மிளகாய்க் கறி போனது, எரியவில்லை. நாற்றமடிக்கும் டுரியான் பழம் போனது, ஏப்பத்தில்தான் தெரிந்தது. சோங் அக்காவுக்கு மட்டும் மனக்குறை. "என் கஞ்சியத் தின்னியே, உப்பு சரியா இருந்துச்சான்னாச்சும் சொன்னியா?" என்றார். "நாக்கு பக்கமே வரலியேக்கா, எனக்கெப்படித் தெரியும்?" என்றார் காம் வெங். குலச் சங்கம் கூடி, எந்த நாள் எந்த வீடு கேட்பது என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியது. மச்சான் ஆ கியோங் ஒருவன்தான் அவரைக் கண்டால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவான். அவன் வீட்டில் அடிக்கடி வாத்து வறுவல்.

ஐந்தாவது வாரம் நாக்கு உரிந்து பேச்சு நின்றது. தலையாட்டிப் பார்த்தார், ஒரு பருக்கை நகரவில்லை. எழுதிக் காட்டினார், அதுவும் பலிக்கவில்லை. அவருக்குப் பதிலாக மனைவி சியூ பிங் ஆச்சு ஆச்சு என்று சொல்லிப் பார்த்ததில் அவள் இரண்டு கிலோ ஏறியதுதான் மிச்சம். அழுதுகொண்டே அவள் நர்ஸ் நோர்லைலாவிடம் ஒன்றை ஒப்புக்கொண்டாள். வாய் கொப்பளிக்கச் சொல்லியிருந்த தண்ணீரைக் கணவர் தினமும் பப்பாளி மரத்துக்கு ஊற்றிவிட்டு, சீன மருந்துக்கடைப் பச்சிலைப் பொடியைப் புண்ணில் ஊதிக்கொண்டிருந்தார்.

"பப்பாளிக்கா வாய்ப்புண்ணு, அங்கிள்?" என்றாள் நோர்லைலா. "ஆறின தண்ணி ஒரு லிட்டரு, உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கொப்பளிக்கணும். பொடியத் தூக்கிக் கடாசுங்க."

அன்றிலிருந்து சியூ பிங் அடுப்படி நேர மணியைத் திருகி வைத்துக்கொண்டு கூடவே நின்றாள். கொப்பளிப்பு, பூப்போன்ற பிரஷ், டாக்டர் எழுதித் தந்த வலி மருந்து, அதற்கு மேல் வாயை மரக்கவைக்கும் திரவம். இத்தனைக்கும் பிறகு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்தது. ஊருக்கு அது போதும்.

கடைசி வாரத்தில் எடை பார்க்கும் நாளுக்கு முந்தின மத்தியானம். இன்னும் நானூறு கிராம் குறைந்தால் முகமூடி ஆடும். சங்கம் பன்றிக்கால் சமைத்த லோ வீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தது. லோ சட்டியை மூடி வைத்துவிட்டுக் காம் வெங்கின் வாசலில் வந்து நின்றார். காம் வெங் கொப்பளித்து, திரவத்தை வாயில் சுழற்றித் துப்பிவிட்டு நிமிர்ந்தார். லோ கேட்கும் முன்பே சியூ பிங், கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"வெங், சாப்ட்டியா?"

ஊர் கேட்கிற மாதிரி இல்லை அது. அவளுக்குப் பதில் வேண்டியிருந்தது. அந்த ஒரே சொல்லைக் காம் வெங் வாய்க்குள் புரட்டினார். அவளிடம் அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

"இல்ல," என்றார்.

கம்பாரில் அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. லோ வீட்டுக்கு ஓடிப் போய் மூடியைத் திறந்தார். கால் அப்படியே கிடந்தது. ஊர் முழுக்கச் சட்டிகள் நிறைந்தே இருந்தன. எங்குமே எதுவும் குறையவில்லை என்றதும், காம் வெங் போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்று பயந்து எல்லோரும் ஓடி வந்தார்கள், ஆ கியோங்கும்கூட. சியூ பிங் ஆறிப்போன கஞ்சியில் அவித்த முட்டையை மசித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் காம் வெங்குக்குக் கண்ணீர் வழிந்தது. மரக்கவைக்கும் திரவத்தின் வேகம் எப்போதோ போய்விட்டிருந்தது. ஆனாலும் விழுங்கினார். இரண்டு கிண்ணத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மறுநாள் முகமூடி கன்னத்தோடு இறுக்கமாகப் பொருந்தியது.

சிகிச்சை முடிந்து வாய் ஆற இரண்டு மாதம் பிடித்தது. அதற்குள் அவர் எத்தனையோ தடவை வாசலில் நின்று ஆச்சு என்று சொல்லியிருப்பார், எத்தனையோ சட்டிகளில் கிண்ணம் கிண்ணமாகக் குறைந்திருக்கும். யாரும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. தினமும் ஒரு குவளை அரிசி கூடுதலாகப் போட்டு வடித்தார்கள்.