கிழிந்த கரை

"வேட்டியில கரை! கட்சிக் கரை!"

ஓட்டு வரிசையிலிருந்து யஹ்யா கத்தியதும் அழகுமலை குனிந்து பார்த்தான். ஊதாவும் மஞ்சளும்.

அபுதாபியிலிருந்து படகில் போகவேண்டிய தீவு அது. எரிவாயுக் குழாய் பதிக்கும் கம்பெனியின் கேம்ப் மட்டும்தான் அங்கே. கேம்பைக் கவனிக்க ஒரு 'கவர்னர்', தலைமை ஆபீசில் போய்ப் பேச ஒரு 'டெலிகேட்'. இருவரையும் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஒரே நிபந்தனை: கட்சி வாடையே கூடாது. கொடி, சின்னம், கோஷம் எது தலைகாட்டினாலும் வேட்பாளர் அவுட்!

கவர்னர் பதவிக்கு பஞ்சாபி ஃபோர்மேன் ஒருவர்தான் நின்றார். டெலிகேட்டுக்குத்தான் போட்டி. வெல்டர் அழகுமலையும் ஸ்டோர் கீப்பர் யஹ்யாவும்.

அழகுமலைக்குப் பதவி தேவையில்லை. படகு தேவை. ஷார்ஜா தொழில்பேட்டை கராஜில் லாரி சரிந்து, தம்பி முத்துராமன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நாளைக் காலையில் ஆபரேஷன். "அப்பன், ஆத்தா, பொண்டாட்டின்னாதான் எமர்ஜென்சி லீவு. தம்பிக்கு மாஃபி, கெடையாது," என்று கேம்ப் பாஸ் கைவிரித்துவிட்டார். ஆனால் ஜெயிக்கிற டெலிகேட் தலைமை ஆபீசுக்கென்று இன்று மாலைப் படகிலேயே கிளம்பலாம்.

நல்ல காரியமாயிற்றே என்று, பெட்டிக்கு அடியில் கிடந்த ஒரே வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். ஊர் எலெக்‌ஷனில் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தது. கரையை அவன் கவனித்ததே இல்லை.

"ஓசி வேட்டி பாய் இது!"

"எனக்குத் தெரியும் மாப்ள. பாக்குறவனுக்குத் தெரியுமா? ரூல்னா ரூல்," என்றான் யஹ்யா.

ஓட்டுப் பெட்டியருகே நின்ற கேம்ப் பாஸிடம் அழகுமலை திரும்பினான். "மாத்திட்டு வந்துடறேன் பாஸ்."

"எல்லாரும் பாத்தாச்சே! கட்சி ஆள் இல்லைன்னு இங்கேயே காட்டு. இல்லேன்னா பேரை அடிச்சிடுவேன்."

அறைத்தோழன் விஜயபாஸ்கர் காதோரம் வந்தான். "அண்ணே, அதக் கிழிச்சுடாதீங்க. அந்தக் கரையப் பாத்துத்தான் பாதிப் பேரு நம்ம ஆளுன்னு கெளம்பி வந்திருக்கான். கை வச்சீங்க, ஒரு ஓட்டு விழாது."

"கை வைக்கலேன்னா பேரே இருக்காதுடா!"

ஓரத்தைப் பல்லால் கடித்தான். இழுத்தான். சர்ர்ரென்று கரை கையோடு வந்தது.

"அடேய் துரோகி!"

வரிசையில் ஒரு கூட்டம் கொதித்தது. "யஹ்யா பாய்க்கே குத்துங்கடா!"

விஜயபாஸ்கர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அழகுமலையால் உட்கார முடியவில்லை. தம்பிக்கு போன் போட்டான். மணி அடித்தது, எடுப்பார் இல்லை. மறுபடி போட்டான். மறுபடியும் அதே.

தண்ணீர் கேனை அறுத்துச் செய்த ஓட்டுப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். பாஸ் படித்தார். யஹ்யா. யஹ்யா. அழகுமலை. யஹ்யா. படகுத்துறையில் படகு ஒருமுறை ஊதியது. யஹ்யா. அழகுமலை. அழகுமலை. அழகுமலை...

"அழகுமலை வின்னர்! கலாஸ், முடிஞ்சது!"

அவனே நம்பவில்லை. யார் போட்டார்கள்?

ஜேசிபி ஓட்டும் அம்மையப்பன் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். "கலக்கிட்டீங்கண்ணே! காலையில அந்த வேட்டியப் பாத்ததும் ஒங்களுக்குப் போடக்கூடாதுன்னுதான் இருந்தோம். அவனுங்க கரையக் கிழிச்சுக் காட்டுனீங்க பாருங்க! எதிர்க்கட்சி ஓட்டு மொத்தமும் ஒங்களுக்குத்தான்!"

"என்ன கட்சி?" பாஸ் திரும்பினார்.

விஜயபாஸ்கர் பாய்ந்து அம்மையப்பனின் வாயைப் பொத்தினான். "பர்த்டே பார்ட்டி பாஸ்! பர்த்டே பார்ட்டி!"

படகு மறுபடி ஊதியது. ஓடிய அழகுமலையை யஹ்யா வழிமறித்தான். கையில் பை.

"தள்ளு பாய்!"

"கிழிஞ்ச வேட்டியோட போனா அந்தப் பக்கம் செக்யூரிட்டி விடுவானா? நாந்தான் போவேன்னு நெனச்சு பேக் பண்ணி வச்சேன். உள்ள பேன்ட் இருக்கு. போ, தம்பியப் பாரு."

படகு நகர்ந்த பிறகுதான் அழகுமலை ஒரு காலை பேன்ட்டுக்குள் நுழைத்தான். கரையில் ஒரு கும்பல் அவனை ஏசியது. இன்னொரு கும்பல் வாழ்க என்றது. சட்டைப் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. முத்துராமன்.

"அண்ணே... எங்க இருக்க?"

"படகுல. வந்துக்கிட்டே இருக்கேன்டா."