பின்னால் போன பல்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் டொரத்தியைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து வருகிறார்கள். முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள் அவள். அந்த நேரம் பார்த்துத்தான் தம்புசாமி வந்து சேர்ந்தார்.

தம்புசாமி கிள்ளான் ரயிலில் கார்டு. டொரத்தியின் அப்பா பேசிலும் ரயில்வேக்காரர்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. தம்புசாமி தங்கமான மனிதர். ஆனால் அவரிடம் ஒரு சேதியைக் கொடுத்தால், பாதியை வழியில் சிந்திவிட்டு மீதியைத்தான் கொண்டுவருவார்.

"பேசில் அண்ணே, மாப்பிள்ளைக்குப் பல்லு போயிருச்சாம்" என்றார்.

"என்னது?"

"ரயில் கெளம்பிருச்சு. பிளாட்பாரத்துல கூடவே ஓடி வந்து சொன்னாரு. எஞ்சின் போட்ட சத்தத்துல பாதிதான் காதுல விழுந்துச்சு. பின்னால பல்லு உடைஞ்சிருச்சாம். கழட்டிட்டு வேற மாட்டணுமாம். கடை வச்சிருக்கற ஒரு சீனத் தவுக்கேகிட்ட பழசு இருக்காம். அது சரியா உக்காந்தாதான் நாளைக்கு வருவாராம்."

"பழசா?" அடுப்படியிலிருந்து ரோசலின் அத்தை வெளியே வந்தாள். "அடுத்தவன் வாயில இருந்த பல்லையா மாட்டப் போறாரு?"

"அது தெரியலக்கா. வாயில கைக்குட்டையைப் பொத்திக்கிட்டிருந்தாரு."

அத்தை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பேசிலுக்கு மூத்தவள், தாயில்லாத டொரத்தியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். பல் விஷயத்தில் அவளுக்குப் பட்ட அனுபவம் உண்டு. அவளைக் கட்டியவர் கல்யாணத்தன்று முத்து முத்தாகச் சிரித்தார். அன்று ராத்திரியே முன்வரிசை முழுவதையும் கழற்றித் தம்ளரில் போட்டார். அந்த மனிதர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அத்தைக்கு மட்டும் கோபம் போகவில்லை.

"பல்லு இல்லாததுக்கு நான் அழுவல பேசில், சொல்லாததுக்குத்தான் அழுதேன். இந்த இடம் வேணாம்."

டொரத்தி சல்லடையைக் கீழே வைத்தாள். நல்ல குடும்பம், சொந்த வண்டி என்று அப்பா அடுக்கியதெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம். கிள்ளான் மாதா கோயில் திருவிழாவில் மாப்பிள்ளை வாலண்டைன் சிரித்ததை அவள் தூரத்திலிருந்து பார்த்திருந்தாள். கஞ்சத்தனம் இல்லாத சிரிப்பு. எதற்கெடுத்தாலும் முகத்தை இறுக்கிக்கொள்கிற ஆண்களின் நடுவே வளர்ந்தவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அந்த ஆளை இப்போது ஒரு பல்லுக்காக இழக்க அவளுக்கு மனசில்லை.

"இவரு முன்னாடியே சொல்லி அனுப்பியிருக்காரே அத்தை" என்றாள். "வேணாம்னு சொல்றதுக்கு முன்னால ஒரு தடவை நேர்ல பாத்துருவோமே."

பெண்ணே மாப்பிள்ளை பார்க்கப் போவதா என்று பேசில் தயங்கினார். ஆனால் அத்தைக்கு அந்த வாயைத் திறந்து பார்த்தே தீர வேண்டும் என்று வந்துவிட்டது. மத்தியான ரயிலில் மூவரும் கிளம்பினார்கள்.

வாலண்டைன் ஓட்டுவது ஏழு பேர் உட்காரும் சின்ன பஸ். கொசு பஸ் என்று ஊரில் பெயர். கிள்ளான் பாசார் சந்தைக்குப் பின்னால், தூங்குமூஞ்சி மரத்தடியில் அது நின்றிருந்தது. பின்பக்கம் ஜாக்கியில் தூக்கியிருந்தது. அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

அத்தை அந்தக் கால்களின் பக்கத்தில் போய் நின்றாள். "தம்பி, பல்லு எப்படிப் போச்சு?"

பஸ்ஸில் வழக்கமாக வரும் அம்மாள் யாரோ என்று நினைத்துக்கொண்டது அந்தக் குரல். "ரொம்ப நாளா தேய்ஞ்சுகிட்டே வந்துச்சுக்கா. நேத்து மேட்டுல ஏறறப்ப கடக்குன்னு உடைஞ்சிருச்சு."

"வலிச்சிருக்குமே."

"வலிக்காம? உசிரே போயிருச்சு."

"ஒண்ணுதானா?"

"ரெண்டு. ஒண்ணு கெடைச்சிருச்சு. இன்னொண்ணு உள்ள போயிருச்சு."

அத்தை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "முழுங்கிட்டீங்களா?"

"அப்படித்தான் வச்சுக்குங்களேன். எண்ணெயெல்லாம் வெளிய எடுத்தும் பாத்துட்டேன், அதோடயும் வரல."

"விளக்கெண்ணெயா குடிச்சீங்க?"

"கியர் எண்ணெய்க்கா" என்றது குரல் மெதுவாக. "அதை யாரு குடிப்பா?"

டொரத்திக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. பொங்கிவந்த சிரிப்பை முந்தானையால் அடக்கிக்கொண்டாள். கால்கள் நகர்ந்தன, உடம்பு வந்தது, கடைசியாக முகம் வந்தது. முகமெல்லாம் கரி. பேசிலைப் பார்த்ததும் வாலண்டைன் துள்ளி எழுந்து பஸ்ஸில் தலையை இடித்துக்கொண்டான்.

"வாயைத் திறங்க தம்பி" என்றாள் அத்தை.

எதற்கு என்று தெரியாமலே அவன் திறந்தான். அத்தை சந்தையில் மாடு வாங்குகிறவளைப் போல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து பார்த்தாள். "எல்லாம் அவருதுதான்" என்று பேசிலிடம் சொன்னாள். தம்புசாமி கொண்டுவந்த சேதியைக் கேட்டதும் வாலண்டைன் சிரித்தான். டொரத்தி நினைத்து வைத்திருந்த அதே சிரிப்பு. கைக்குட்டை ரயில் புகைக்காகத்தானாம்.

ஆனால் அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. "உண்மையிலயே ஆபத்துதாங்க" என்றான். "திங்கக்கெழமை இன்ஸ்பெக்டர்கிட்ட வண்டியை ஓட்டிக் காட்டணும். ஓடலன்னா பர்மிட்டு போயிரும். வண்டி இல்லாதவன் எந்த மூஞ்சியோட பொண்ணு பாக்க வர்றது? அதான் அப்படிச் சொல்லி அனுப்பினேன்."

பேசில் ரயில்வே தோரணையில் கையைக் கட்டிக்கொண்டார். "கியர் பெட்டியா இருக்கும்."

"எல்லாரும் அதைத்தாங்க சொன்னாங்க. ஆனா கிளட்சை மிதிச்சாலும் டொக்கு டொக்குன்னு சத்தம் நிக்கல. மேட்டு உச்சியில எஞ்சினையே அணைச்சு, கியரை எடுத்துட்டு, சும்மா உருள விட்டேன். அப்பவும் டொக்குன்னுச்சு. வண்டி வேகமா உருண்டா சத்தமும் வேகமாச்சு. எஞ்சினும் இல்ல, கியர் பெட்டியும் இல்லன்னா, மிச்சம் பின்சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பெரிய பல்சக்கரந்தானே. தொறந்தேன். ரெண்டு பல்லைக் காணோம்."

"எங்க நோவுன்னு தெரிஞ்சுகிட்டுத்தான் கத்தி வச்சிருக்கீங்க" என்றாள் அத்தை. அவள் குரலில் மரியாதை ஏறியிருந்தது.

தவுக்கே கொடுத்த பழைய பல்சக்கரம் சாக்கின் மேல் தயாராக இருந்தது. மாட்ட முடியவில்லை. கிடைக்காத அந்த இன்னொரு பல், சக்கரத்துக்குப் போகும் அச்சுக் குழாய்க்குள் உருண்டு போயிருந்தது. அதை உள்ளே விட்டு மூடினால், புதிதாக மாட்டுவதன் இடுக்கில் விழுந்து அதையும் உடைத்துவிடும். வாலண்டைனின் பருத்த கை முழங்கை வரைக்கும்கூட உள்ளே போகவில்லை. கம்பி விட்டால் பல் இன்னும் தள்ளிப் போனது.

டொரத்தி தன் கையைப் பார்த்தாள். முருங்கைக்காய் மாதிரிக் கை என்று வாழ்நாளெல்லாம் திட்டு வாங்கிய கை. வளையலைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள்.

"டொரத்தி, நாளைக்கு உன்னைப் பொண்ணு பாக்க வராங்கடி" என்றாள் அத்தை.

"அவங்க வரணும்ல அத்தை" என்று சொல்லிவிட்டு அவள் கையை உள்ளே விட்டாள்.

குழாய் குளுகுளுவென்று இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு முழங்கையைத் தாண்டியது. அடியில் விரல் நுனிக்கு ஏதோ தட்டுப்பட்டது, வழுக்கியது, மறுபடியும் தட்டுப்பட்டது. இரண்டு விரலால் இடுக்கி, மூச்சை அடக்கி, மெல்ல வெளியே எடுத்தாள். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புத் துண்டு. வாலண்டைன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு அவளையே பார்த்தான். டொரத்திக்கு அப்படியொரு சந்தோஷம்; எண்ணெய்க் கையை எங்கே வைப்பதென்றுகூடத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு யாரும் சும்மா நிற்கவில்லை. பேசில் சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தார். அத்தை ஒட்டுக்கடையில் எல்லாருக்கும் காப்பி வாங்கிவந்து, வாலண்டைனின் கைகள் கறுப்பாக இருந்ததால் கோப்பையைத் தானே பிடித்துக் குடிக்க வைத்தாள். வெயில் சாயும்போது பல்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. மிச்சம் ஒரே ஒரு சோதனை. ஒரு பக்கச் சக்கரத்தைத் தரையில் இறக்கியாயிற்று; தூக்கியிருந்த சக்கரத்தை டொரத்தியிடம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வாலண்டைன் அடியில் போய், எஞ்சினிலிருந்து பின்னால் வரும் நடுத்தண்டைக் கையால் திருப்பினான்.

"பிடிக்குதா?" என்று கேட்டான்.

அவள் உள்ளங்கையில் சக்கரம் இழுத்தது. தளர்வில்லை, தட்டலில்லை. பின்னால் அப்பாவும் அத்தையும் நிற்பது அவளுக்குத் தெரியும்.

"பிடிச்சிருக்கு" என்றாள்.

"நல்லா பாத்துச் சொல்லுங்க. அப்பறம் பாதி வழியில விட்டுறப் போகுது."

"விடாது. ரொம்பப் பிடிச்சிருக்கு."

பேசில் கையிலிருந்த ஸ்பேனரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு மரத்தைப் பார்த்துத் திரும்பினாள். அவள் தோள்கள் குலுங்கின. தண்டு சுற்றுவது நின்றது.

"எது?" என்று அடியிலிருந்து மெல்லக் கேட்டது குரல்.

"ரெண்டும்" என்றாள் டொரத்தி.